நூறு பேரோடு மரம் நடப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

"இந்த வருஷம் மரம் நடற நிகழ்ச்சியை நீங்களே எடுத்துப் பண்ணிடுங்க" என்று கம்பெனியில் உங்களிடம் சொல்லிவிட்டார்களா? நல்லது. ராணிப்பேட்டை, காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் பழைய வட ஆற்காடு முழுக்கத் தொழிற்சாலையும் அலுவலகமும் இருக்கின்றன. இந்த மாதிரி நாளை நடத்தும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் வந்து விழுகிறது. நான் சில முறை முன்னின்று நடத்தியிருக்கிறேன். முதல் முறை செய்ததில் பாதிக்கு மேல் தப்பு. அதே தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் முறை, ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். காட்பாடிப் பக்கம் ஓர் ஏரிக்கரை ஓரம். நானூறு கன்று. பேனர் கட்டி, எல்லாருக்கும் பச்சை டீ சர்ட் கொடுத்து, பதினோரு மணி வெயிலில் நட்டு முடித்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "இன்னா தம்பி, நட்டுட்டு நீங்க போயிடுவீங்க. தண்ணி யாரு ஊத்துவா?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாகக் குச்சிகள்தான் நின்றன. உயிரோடு இருந்தவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அம்மா கேட்ட கேள்விதான் உங்கள் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார், எந்த ஊர்க்காரர், எங்கிருந்து தண்ணீர் எடுப்பார், எத்தனை மாதத்துக்கு? இதற்குப் பதில் கிடைக்கும்வரை கன்றுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேதியை மாற்றச் சொல்லுங்கள்

மேலிடம் பெரும்பாலும் ஜூன் 5 என்றுதான் சொல்லும். வேலூருக்கு அது சரியான நாளே இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண் ஒரு முழம் ஆழத்துக்குச் சூடேறிக் கிடக்கும். நாற்றங்காலின் நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை அதில் கொண்டுபோய் வைத்தால் இரண்டே நாளில் இலை கருகிவிடும்.

நமக்கு ஒரு வசதி உண்டு. தஞ்சாவூர் போல ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பியிருக்கும் பூமி இல்லை இது. தென்மேற்குப் பருவத்திலேயே மாலை வேளை இடி மழை நமக்குக் கிடைக்கிறது. ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள், அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் நட்டுவிட்டால் அந்த மழையும் கிடைக்கும், பின்னால் வரும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும். வேர் இறங்க நான்கைந்து மாதம் அவகாசம். அப்புறம்தான் கோடை வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது மரத்துக்கும் பொருந்தும்.

ஜூன் 5-ல் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் அன்று குழி அளவெடுங்கள், இடத்தைச் சுத்தம் செய்யுங்கள், நாற்றங்காலுக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். நடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். இந்தியா முழுக்கக் கொண்டாடும் வனமகோத்சவமே ஜூலை முதல் வாரத்தில்தான் வருகிறது. 1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கியது அது. மழையைப் பார்த்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.

இடம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று: சுற்றுச்சுவரும் ஆழ்துளைக் கிணறும் இருக்கும் அரசுப் பள்ளி வளாகம். ஆடு மாடு உள்ளே வராது, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், தலைமையாசிரியர் ஒருவரிடம் பேசினால் போதும். பிள்ளைகளும் கன்றைக் காயவிட மாட்டார்கள். நூறு கன்றுக்கு மேல் ஒரு பள்ளி தாங்காது. பரவாயில்லை, மூன்று பள்ளியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை, சாலையோரம், புறம்போக்கு என்று போனால் முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். ஏரி என்றால் அது ஒன்றியத்தைச் சேர்ந்ததா, நீர்வளத்துறையைச் சேர்ந்ததா என்று அவரிடம் தெரிந்துகொள்ளலாம். சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா என்று பார்க்க வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருஷம் சாலையோரம் நன்றாக வேர் பிடித்து ஆளுயரம் வந்த கன்றுகளை, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரே காலையில் வாரித் தள்ளிவிட்டார்கள். முன்பே விசாரித்திருந்தால் அந்தத் திட்டம் இருந்தது எனக்குத் தெரிந்திருக்கும்.

தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் குழிக்கு அடையாளம் போடாதீர்கள். ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் நடாதீர்கள், அது தண்ணீரின் இடம். கரை மேலேயும் பெரிய வேர் விடும் மரம் வேண்டாம், பனை போதும்.

பாலாற்றங்கரைப் பக்கம், தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர்களில் இன்னொரு சங்கதி உண்டு. சில இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றி எந்தக் கன்றையும் காப்பாற்ற முடியாது. மண்ணையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலிலும் பையிலும் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துவிடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். ஓரளவு உப்பு என்றால் புங்கன், வேம்பு, பூவரசு சமாளிக்கும். ரசாயனக் கழிவு கொட்டிய இடம் என்று ஊரில் பேச்சு இருந்தால் அந்தப் பக்கமே ஆட்களைக் கூட்டிப்போகாதீர்கள்.

எத்தனை கன்று? தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஆயிரம், ஐயாயிரம் என்று பெரிய எண் கேட்பார்கள். நீங்கள் தண்ணீரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு கன்றுக்குக் கோடையில் ஒரு தடவைக்கு 15 லிட்டர், வாரம் இரண்டு தடவை. அப்போது வாரத்துக்கு 30 லிட்டர். முந்நூறு கன்று என்றால் 9,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் வாரம் ஒன்றரை லோடு. தை முதல் ஆனி வரை 26 வாரத்துக்கு, கோடை மழையைக் கணக்கில் சேர்க்காமல், ஏறக்குறைய 40 லோடு. இரண்டாவது கோடைக்கு இதில் பாதியாவது வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேலாளர் மேசையில் வையுங்கள். ஐயாயிரம் என்ற பேச்சு தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கியது. கன்று, குழி, பேருந்து, சாப்பாடு எல்லாம் ஒரு பங்கு என்றால், வேலி, தண்ணீர், பராமரிக்கும் ஆளின் சம்பளம் அதைவிடப் பெரிய பங்கு. பட்ஜெட் கேட்கும் அன்றே இதைச் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். நட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

பணம் சி.எஸ்.ஆர். (நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கிலிருந்து வருகிறது என்றால் கணக்குப் பிரிவோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின் கீழ் சுற்றுச்சூழல் வேலை தாராளமாக வரும். ஆனால் மாரத்தான் மாதிரி ஒருநாள் நிகழ்ச்சிகள் அந்தச் செலவில் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஊழியர்கள் செலவிடும் நேரத்தையும் பணமாக்கிக் காட்ட முடியாது. அதே நேரம், தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டால் தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை செலவு செய்யலாம். கன்றுக்கு வேண்டியதும் அந்த மூன்று ஆண்டுதான்.

எந்த மரம்

நம் செம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவற்றை வையுங்கள்: புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை, புளி, வாகை, சரக்கொன்றை, மகிழம், ஈரம் நிற்கும் இடத்தில் நீர்மருது. ஆல், அரசு, அத்தி வைக்கலாம், நிறைய இடம் விட்டு. வேலி பலமாக இல்லாத இடத்தில் புங்கனுக்கு முதலிடம் கொடுங்கள். ஆடு அதை அவ்வளவாகத் தொடாது. பூவரசையும் அரசையும் விட்டுவைக்காது.

சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே கூடாது என்று தடை போட்டது. மயில்கொன்றை பூக்கும்போது கண்ணுக்கு அழகு, ஆனால் கிளை பலமில்லாதது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அது வேண்டாம்.

கன்றை நான்கைந்து அடி உயரத்தில், தண்டு கட்டைவிரல் பருமன் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரங்கள் கிடைக்கும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக அங்கே நிறைய வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் மீதி இருப்பதுதான் கிடைக்கும்.

பட்ஜெட் ரொம்பக் கம்மி என்றால் பனை விதை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், ஊரில் சொன்னால் மூட்டையாகப் பொறுக்கிக் கொடுப்பார்கள். எட்டுப் பத்தடிக்கு ஒன்றாக அரை அடி ஆழத்தில் புதைத்துவிடலாம். தண்ணீர் வேண்டாம், வேலி வேண்டாம். வளர ரொம்ப வருஷமாகும், அவ்வளவுதான்.

குழி

குழியை ஊழியர்களிடம் விடாதீர்கள். நம் பக்கம் ஓரடிக்குக் கீழே சுக்கான் கல், அதற்குக் கீழே பாறை. கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் கையில் கடப்பாரையைக் கொடுத்தால் இரண்டாவது குழியில் உள்ளங்கை கொப்பளித்துவிடும். ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து இரண்டு மூன்று வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு இரண்டு அடி. மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். டிராக்டரில் பூட்டிய துளைக்கருவியால் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஈரக் களிமண்ணில் அது குழியின் சுவரைப் பானை மாதிரி வழவழவென்று ஆக்கிவிடும், வேர் அதைத் துளைக்காது. கடப்பாரையால் சுற்றிலும் நாலு குத்து குத்திவிட வேண்டும்.

பள்ளி வளாகத்தில் திறந்த குழியை அப்படியே விடாதீர்கள், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள். பாதி மூடிவையுங்கள். மேல்மண்ணோடு ஒரு சட்டி மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓரமாகக் குவித்துவிட்டால் அன்றைய வேலை பாதி முடிந்த மாதிரி. செம்மண்ணில் கரையான் தொல்லை இருக்கும், புண்ணாக்கை மறக்காதீர்கள்.

அந்தக் காலை

ஆறு மணிக்கு இடத்தில் இருங்கள், ஆறரைக்கு முதல் கன்று, ஒன்பதுக்குள் கடைசிக் கன்று. நூறு பேர் என்றால் ஐம்பது ஜோடி. ஒரு ஜோடிக்கு ஆறு கன்று, கன்றுக்கு இருபது நிமிடம், ஆக இரண்டு மணி நேரம். முந்நூறு கன்று கணக்கு இப்படித்தான் வருகிறது. பேச்சு, பரிசு, படம் எல்லாம் முடிவில். முதலில் பேச்சு வைத்தால் அரைமணி என்று சொன்னது ஒன்றே கால் மணியாகும், கன்றுகள் வெயிலில் காயும்.

பத்துப் பேருக்கு ஒரு தலைவர். அந்தப் பத்துத் தலைவர்களை மட்டும் முந்தைய நாள் மாலை கூட்டிவந்து ஆளுக்கொரு கன்றை நடச் செய்யுங்கள். நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். ஒலிபெருக்கியில் நூறு பேருக்குச் சொல்வது யார் காதிலும் ஏறாது. பக்கத்தில் ஒருவர் குனிந்து செய்து காட்டினால் ஏறும்.

செய்து காட்ட வேண்டியது இது. குழிக்குள் முதலில் அரை வாளித் தண்ணீர். அது இறங்கும்வரை கன்றை எடுத்து மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பையின் அடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கறுப்புப் பையின் பக்கவாட்டில் பிளேடால் மேலிருந்து கீழே ஒரு கோடு. பை சட்டை கழல்வது மாதிரி கழன்று வரும். மண் கட்டி உடையாமல் உள்ளங்கையில் உட்காரும், குளிர்ச்சியாக இருக்கும். இப்போது அடியைப் பாருங்கள். நாற்றங்காலில் அதிக நாள் இருந்த கன்று என்றால் வேர் பையின் அடியில் கொடிக்கயிறு போல வட்டமாகச் சுருண்டிருக்கும். அதை அப்படியே புதைத்தால் மண்ணுக்குள்ளும் சுருண்டேதான் வளரும். ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு காற்றில் மரம் வேரோடு சாயும். சுருண்ட வேரை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு, மற்றதைத் தொடாமல் குழியில் இறக்குங்கள்.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டம்தான் தரைக்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்து புதையக் கூடாது. சுற்றிலும் மேல்மண் கலவையைப் போட்டு, கையால் அமுக்கி, மீதிக்கு அடிமண். பூட்ஸ் காலால் ஓங்கி மிதிக்க வேண்டாம். காற்று வரும் பக்கம், ஆடி ஆவணியில் மேற்கும் தென்மேற்கும், ஒரு குச்சியை ஊன்றி, சணலை எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் வேண்டாம். இரண்டு அடி வட்டத்துக்குப் பாத்தி கட்டி மீதித் தண்ணீர். மேலே மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தோலோ கரும்புச் சோகையோ மூன்று விரல் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி.

பிளேடு பத்துத் தலைவர்களிடம் மட்டும் இருக்கட்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். பைகளையும் அப்படித்தான். முந்நூறு கன்று நட்டால் முந்நூறு காலிப் பை கையில் வர வேண்டும். ஒரு முறை பதினெட்டுப் பை குறைந்தது. தேடிப் பார்த்தால் கன்றோடு சேர்த்துப் புதைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம்.

மூடிய காலணி, தொப்பி, முழுக்கை சட்டை என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்லைப் புரட்டும்போது தேள் இருக்கும். முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் தயாராக நிற்கட்டும். குடிக்க மோர், சின்ன வெங்காயத்தோடு கேழ்வரகுக் கூழ். முடிவில் எல்லாரும் ஆம்பூர் பிரியாணிதான் கேட்பார்கள், கொடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடட்டும். தட்டு மட்டும் மந்தார இலைத் தட்டாக இருக்கட்டும். மரம் நட்ட இடத்தில் பிளாஸ்டிக் பறந்தால் ஊர்க்காரர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்?

ஊரில் ஒருவர்

வேலி, டேங்கர் எல்லாவற்றையும்விட முக்கியமானவர் அந்த ஊரிலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவோ, ஓய்வு பெற்ற வாட்ச்மேன் ஐயாவோ, யாராக இருந்தாலும் மாதம் பிறந்ததும் சம்பளம் போய்ச் சேர வேண்டும். "சேவைதானே" என்று சொல்லி யாரையும் சும்மா வேலை வாங்காதீர்கள். அவரை நிகழ்ச்சி நாளில் மேடையில் முதல் ஆளாக உட்கார வையுங்கள். எங்கள் இரண்டாவது முயற்சியில் வந்த அக்கா, கன்றுக்கு எண் எழுதிய தகரத் துண்டு கட்டி, நோட்டில் கோடு போட்டு, வாராவாரம் "42 தளிர் விட்டிருச்சு, 57-ஐ ஆடு கடிச்சிருச்சு" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். அலுவலகத்தில் 57-ஐ நட்டவர் அதைக் கேட்டுவிட்டு, முள் வெட்டிப் போட அந்த ஞாயிறே பைக்கில் போய்விட்டார்.

வேலி பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் கூண்டு திருட்டுப் போகும். சீமைக்கருவேல முள்ளை வெட்டிவந்து சுற்றிக் கட்டினால் செலவும் இல்லை, ஆடும் அண்டாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது முள் மாற்ற வேண்டும். விதைக்காய் ஒட்டியிருந்தால் உதறிவிட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் அதுவே முளைத்துவிடும்.

எண்ணுவது

மூன்றாவது மாதம் ஒரு முறை, முதல் கோடை முடிந்து ஆனியில் ஒரு முறை, அப்புறம் இரண்டாம் ஆண்டு அதே ஆனியில். இந்த மூன்று எண்ணிக்கையையும் நிர்வாகத்துக்கு உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். பட்டுப்போனதற்குப் பதில் அடுத்த ஆவணியில் நட, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கன்றுக்காவது பணம் ஒதுக்கிவையுங்கள். செத்ததை மறைத்து "ஆயிரம் மரம்" என்று சுவரொட்டி ஒட்டுவது அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்வது.

இரண்டாவது ஆடிக் காற்று முடிந்ததும் கத்தியோடு ஒரு நடை போய்வாருங்கள். தண்டு பருத்திருக்கும், சணல் மக்காமல் இருந்தால் பட்டைக்குள் பதியத் தொடங்கியிருக்கும். அறுத்துவிடுங்கள். குச்சியைப் பிடுங்கிவிட்டுக் கன்றை லேசாக ஆட்டிப் பாருங்கள். அடி அசையாமல் தலை மட்டும் ஆடினால் வேர் இறங்கிவிட்டது. அடியோடு ஆடினால் குச்சியை மறுபடி ஊன்றிவிட்டு, அடுத்த ஆடிவரை தண்ணீரைத் தொடரச் சொல்லுங்கள்.